டோலமைட் மலைகளில் கார் எதற்கு?

2025 ஜூலையில், வடகிழக்கு இத்தாலியின் டோலமைட் மலைகளிலுள்ள செசேதா மலைமுகட்டில் புல்வெளிப் பாதையின் குறுக்கே ஒரு சுழல்கதவு முளைத்தது. நிலத்தின் சொந்தக்காரர்கள் வைத்தது. உள்ளே போக 5 யூரோ. ரோப் காரில் 2,500 மீட்டர் உயரத்துக்கு வந்து, படம் எடுத்துக்கொண்டு திரும்பும் கூட்டம் புல்லை மிதித்து நாசமாக்குகிறது, குப்பையை விட்டுச்செல்கிறது, அதிகாரிகள் கண்டுகொள்வதில்லை என்பது அவர்கள் புகார்.

புகார் நியாயமானது. ஆனால் கை வைத்த இடம் தவறு. நடப்பவரிடம் சுங்கம் வாங்கினால் கூட்டம் குறையாது, காசு கொடுத்துவிட்டோம் என்ற உரிமைதான் கூடும். டோலமைட் மலைகளைக் காப்பாற்ற அடைக்க வேண்டியது சாலையை. கோடை மாதங்களில் உயரமான கணவாய்களுக்குச் சொந்தக் கார்கள் ஏறுவதை நிறுத்தியாக வேண்டும்.

இங்கே கார் தேவைப்படாததற்கான காரணம் மலையின் பிறப்பிலேயே இருக்கிறது. சுமார் 25 கோடி முதல் 20 கோடி ஆண்டுகளுக்கு முன்பு அங்கே இருந்தது வெதுவெதுப்பான ஆழமற்ற கடல். பாசிகளும் கடற்பஞ்சுகளும் பவளங்களும் கட்டிய திட்டுகள், கடலடி தாழத் தாழ மேல்நோக்கி வளர்ந்து பல நூறு மீட்டர் தடித்தன. இடையே இருந்த பள்ளங்களில் எரிமலைச் சாம்பலும் சேறும் படிந்தன. பிறகு ஆப்பிரிக்கா ஐரோப்பாவை நெருக்கியதில் ஆல்ப்ஸ் எழுந்தது, அந்தக் கடலடியும் கூடவே எழுந்தது. காற்றும் மழையும் பனியும் அரித்தபோது கெட்டியான திட்டுகள் செங்குத்துச் சுவர்களாக நின்றன. மென்மையான படிவுகள் கரைந்து, சாய்ந்த புல்வெளிகளாயின. 1791இல் இந்தப் பாறையைப் பற்றி எழுதிய பிரெஞ்சு அறிஞர் தொலோமியோவின் பெயரே பாறைக்கும், பின்னர் மலைக்கும் வந்தது.

சுவரும் புல்வெளியும் இப்படி அடுத்தடுத்து அமைந்ததால், கயிறு பிடித்து ஏறத் தெரியாதவர்கூட மாபெரும் பாறைகளின் காலடிவரை நடந்து போகலாம். த்ரே சீமே என்ற மூன்று சிகரங்களைச் சுற்றிவரும் பாதை சுமார் 10 கிலோமீட்டர். அதில் நடுச் சிகரத்தின் உயரம் 2,999 மீட்டர். அதன் வடக்குச் சுவரை 1933இல் எமிலியோ கோமிச்சியும் தீமாய் சகோதரர்களும் ஏறி முடிக்க மூன்று நாள் ஆயிற்று. அதே சுவரை அண்ணாந்து பார்த்தபடி நடப்பவருக்கு ஒரு முற்பகல் போதும். ஆல்ப்ஸின் உயரமான பகுதிகளில் பனியாறும் பிளவுகளும் நடப்பவரை எட்டவே நிறுத்திவிடும். டோலமைட் அவரைக் கிட்டே அழைக்கிறது. அந்திவெயிலில் பாறை ரோஜா நிறமாவதற்கு அங்கு வாழும் லாடின் மக்கள் ஒரு கதை சொல்வார்கள். தன் ரோஜாத் தோட்டம் பகலிலும் இரவிலும் யார் கண்ணுக்கும் தெரியக் கூடாதென்று லாரின் அரசன் சபித்தானாம், அந்தி நேரத்தை மறந்துவிட்டானாம்.

பிராயெஸ் ஏரியில் தொடங்கி பெல்லூனோ பக்கம் இறங்கும் ‘ஆல்டா வியா 1’ நெடும்பாதை சுமார் 120 கிலோமீட்டர். பத்து நாள் நடை. சிவப்பு வெள்ளைக் குறியும் எண்ணும் பாறைகளில் வழிகாட்டும். வழியெங்கும் மலை விடுதிகள், அடுக்குக் கட்டில்கள், சூடான சூப், ரொட்டி உருண்டை. பாதைகளையும் குறிகளையும் இத்தாலிய ஆல்பைன் சங்கத்தின் தொண்டர்கள் பல தலைமுறைகளாகப் பேணிவருகிறார்கள். இடையில் வரும் லாகட்சுவொய் மலை, முதல் உலகப்போரில் இத்தாலியரும் ஆஸ்திரியரும் மாறிமாறிக் குடைந்து வெடிவைத்த இடம். அந்தச் சுரங்கங்களுக்குள் ஹெல்மெட்டும் நெற்றிவிளக்கும் அணிந்து இறங்கலாம். தண்ணீர் மட்டும் தட்டுப்பாடு. வெடிப்புகள் நிறைந்த பாறை சல்லடையாக மழையை உள்ளே விட்டுவிடும், மேலே ஊற்றுகள் அரிது. உருகும் பனியை நம்பியிருக்கும் விடுதிகளில் குளியலுக்குக்கூட அளவு உண்டு.

இவ்வளவு இருந்தும், வருகிறவர்களில் பெரும்பாலோர் கார் நிற்கும் இடத்திலிருந்து எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள். அது அவர்கள் குற்றமல்ல, சாலை அப்படி அழைக்கிறது. த்ரே சீமேயின் அடிவாரத்திலுள்ள அவுரோன்சோ விடுதிவரை, 2,300 மீட்டர் உயரத்துக்கு, கார் ஏறிவிடும். 2025 முதல் அங்கே இணையத்தில் முன்பதிவு கட்டாயம். பிராயெஸ் ஏரிக்கும் கோடையில் அப்படியே. நல்ல தொடக்கம்தான், ஆனால் முன்பதிவு செய்த காரும் கார்தான்.

முழுமையாகச் செய்துகாட்டிய இடமும் பக்கத்திலேயே இருக்கிறது. சுமார் 56 சதுர கிலோமீட்டர் விரிந்த ஆல்பே தி சியூசி மேட்டுப் புல்வெளிக்குக் காலை 9 மணி முதல் மாலை 5 மணிவரை வெளியார் கார்கள் போக முடியாது. ரோப் காரும் பேருந்தும்தான். அங்கே பயணிகளுக்கும் குறைவில்லை, விடுதிகளுக்கும் நட்டமில்லை. 2017 கோடையில் செல்லா கணவாயைப் புதன்கிழமைகளில் மட்டும் மோட்டார் வண்டிகளுக்கு மூடிப் பார்த்தார்கள். வியாபாரிகள் எதிர்த்தார்கள், ஏற்பாடு நிலைக்கவில்லை. அங்கே அரசு பின்வாங்கியிருக்கக் கூடாது.

நடக்க முடியாத முதியவர்கள் என்ன செய்வார்கள் என்ற கேள்வி நியாயமானது. பேருந்து அவர்களுக்கும் சேர்த்துத்தான். தென் டிரோல் எனப்படும் பொல்சானோ மாகாணத்தில் பெரும்பாலான விடுதிகளில் தங்குவோருக்குப் பொதுப் போக்குவரத்து அட்டை இலவசமாகவே கிடைக்கிறது. பணம் இல்லை என்றும் சொல்ல முடியாது. 2026 குளிர்கால ஒலிம்பிக்குக்காக இதே மலைகளிலுள்ள கோர்டினாவில் 10 கோடி யூரோவுக்கும் மேல் செலவிட்டு, நூற்றுக்கணக்கான லார்ச் மரங்களை வெட்டி, பனிச்சறுக்கு வண்டிக்கு ஒரு தடம் கட்டினார்கள். வேறு நாட்டில் ஏற்கெனவே இருக்கும் தடத்தைப் பயன்படுத்தலாம் என்று சர்வதேச ஒலிம்பிக் குழுவே சொல்லியும் கேட்கவில்லை. அந்தத் தொகையில் எத்தனை கோடைகளுக்குப் பேருந்து ஓட்டியிருக்கலாம்!

தள்ளிப்போடவும் காலமில்லை. 2022 ஜூலை 3 அன்று, இந்த மலைகளிலேயே உயரமான 3,343 மீட்டர் மர்மோலாதாவில், கடும் வெயிலால் பனியாற்றின் ஒரு பகுதி உடைந்து சரிந்து 11 பேர் இறந்தார்கள். அந்தப் பனியாறு ஆண்டுக்காண்டு சுருங்கி வருகிறது. மலையைச் சூடாக்கும் புகையை மலைக்கே ஏற்றிச் செல்லும் சாலைகளை இனியும் திறந்துவைப்பது பொறுப்பற்ற செயல்.

தடை நிர்வாகத்தில்தான். செல்லா மலைக்கூட்டத்தைச் சுற்றியுள்ள நான்கு கணவாய்களும் பொல்சானோ, திரெண்டோ, பெல்லூனோ என்ற மூன்று மாகாணங்களில் பரவிக் கிடக்கின்றன. ஒன்றை மூடினால் மற்றொன்றில் நெரிசல் கூடும். 2009இல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னம் என்ற பெருமையைச் சேர்ந்தே பெற்றுக்கொண்ட மாகாணங்கள், ஜூலை, ஆகஸ்ட் இரண்டு மாதங்களுக்காவது பகல் நேரத்தில் நான்கையும் ஒரே நாளில் மூடட்டும். உள்ளூர்க்காரர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் அனுமதிச் சீட்டு, மற்றவர்களுக்குக் கால்மணிக்கு ஒரு பேருந்து.