கேமரா தண்ணி இறைக்காது!

இந்தப் பக்கம் வந்து ரொம்ப நாளாச்சு மக்களே. ஆபீஸ்ல ஆணி அதிகம். வழக்கமா சினிமா, பரோட்டா, பேச்சிலர் சமையல்னு மொக்கை போடுற நான் இன்னிக்குக் கொஞ்சம் கோவத்தோட வந்திருக்கேன். கோவம் யார் மேலன்னு கேட்டா, முதல்ல என் மேலயேதான். ஏன்னு சொல்றேன்.

எங்க ஊரு நாகை மாவட்டக் கடற்கரையில இருக்கு. பேர் வேண்டாம், படிக்கிற ஆளுங்க இருக்காங்க :-) சித்தப்பாவுக்கு ஒரு விசைப்படகு. கிழக்குக் கடற்கரையில ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் மீன்பிடித் தடைக்காலம். 2017க்கு முன்னாடி 45 நாளா இருந்தது, அப்புறம் 61 நாளாச்சு. அந்த 61 நாளும் போட்டெல்லாம் ஆத்து முகத்துவாரத்துல வரிசையா கயிறு கட்டி நிக்கும். மழைக்காலத்துல புயல் எச்சரிக்கை வந்தாலும் இதே கதைதான்.

கட்டி நிக்குற போட்டுக்குக் காவல் வேணும். பேட்டரி, டீசல், ஜிபிஎஸ்னு திருட்டுப் போக எவ்வளவோ இருக்கு. எங்க வரிசையில 12 போட்டு. 12 ஓனரும் சேந்து ஒரு காவக்காரர் வச்சிருக்காங்க. வயசு எழுபதுக்கு மேல, காலம் பூரா கடல்ல கிடந்தவர். ஊரே தாத்தான்னுதான் கூப்பிடும். மாசச் சம்பளம் 9000. போட்டுக்கு 750 ரூபா.

போன வருஷம் லீவுக்குப் போனப்ப சித்தப்பா கேட்டார். "ஏன்டா தம்பி, நீ கம்ப்யூட்டர் இன்ஜினியர்தானே? போன்லயே போட்ட பாக்குற மாதிரி ஒண்ணு பண்ணிக் குடேன்." நமக்கு இது போதாதா? சனிக்கிழமை காலையில ஆரம்பிச்சிட்டோம்ல.

முதல் தப்பு, ஆன்லைன்ல கிடைக்குற சாதாரண வைஃபை கேமராவையும் ஒரு 4ஜி ரவுட்டரையும் வாங்கி போட்டு மேலயே மாட்டுனது. கணக்கு பாக்கவே இல்ல. ரெண்டும் சேந்து 8 வாட் இழுக்குதுன்னு வச்சாலும் ஒரு நாளைக்கு 192 வாட் ஹவர். 50 வாட் சோலார் பேனல் நம்ம ஊரு வெயில்லயே ஒரு நாளைக்கு 200 தாண்டுறது கஷ்டம், நடுவுல போற நஷ்டம் வேற. மேகம் போட்டா கதை முடிஞ்சது. என்ஜின் ஸ்டார்ட் பண்ற பேட்டரியில இருந்து எடுத்துக்கலாம்னு ஒரு ஐடியா வந்துச்சு. சித்தப்பா கையைப் பிடிச்சு நிறுத்திட்டார். புயல் வருதுன்னு ராத்திரியில போட்டை நகத்தணும், அப்ப என்ஜின் ஸ்டார்ட் ஆகலைன்னா உன் கேமரா அதைப் படம் பிடிக்குமாடான்னு கேட்டார். பதில் இல்ல.

அடுத்தது டேட்டா. 1 எம்பிபிஎஸ் வீடியோவை நாள் பூரா ஓட்டுனா 10 ஜிபிக்கு மேல ஆகும். நம்ம கிட்ட இருந்தது ஒரு நாளைக்கு ரெண்டு ஜிபி ரீசார்ஜ். மத்தியானத்துக்குள்ள காலி.

அதைவிடக் காமெடி மோஷன் அலர்ட். இந்த வசதி என்ன பண்ணும்? முந்தின படத்தையும் இந்தப் படத்தையும் ஒப்பிட்டுப் பாத்து, மாறியிருந்தா கத்தும். வீட்டு வாசல்ல சரி. போட்டுல கேமராவே ஆடுது சாமி! ஒவ்வொரு அலைக்கும் மொத்தப் படமும் மாறுது. முதல் ராத்திரி முந்நூறுக்கு மேல அலர்ட். ரெண்டாவது நாள் நான் என்ன பண்ணிருப்பேன்னு உங்களுக்கே தெரியும். சத்தத்தை ஆஃப் பண்ணிட்டுத் தூங்கிட்டேன். எல்லாத்துக்கும் கத்துற அலாரம் எதுக்குமே கத்தாத அலாரம்தான்.

மூணாவது வாரம், மே மாசம், ராத்திரி மூணு மணி இருக்கும். சித்தப்பாவுக்குப் போன். பண்ணினது தாத்தா. "தம்பி, ஒன் போட்டு பின்பக்கம் எறங்குது, வா." புரொபெல்லர் தண்டு வெளிய போற இடத்துல கசிவு. சொட்டுச் சொட்டா உள்ள வந்து அடியில தேங்கியிருக்கு. நாலு பேரை எழுப்பி, பம்பு வச்சு இறைச்சு, விடியக்காலையில போட்டு தப்பிச்சது.

நான் காலையில எழுந்து பதறிப் போய் கேமரா படத்தை எல்லாம் ஓட்டிப் பாத்தேன். எல்லாப் படமும் அழகா இருக்கு. போட்டு இருக்கு, கயிறு இருக்கு, யாரும் வரலை. போட்டு மேலயே உக்காந்திருக்குற கேமராவும் போட்டோட சேந்து இறங்குது. அதுக்கு எப்படித் தெரியும்? தாத்தாவுக்கு எப்படித் தெரிஞ்சுதுன்னு கேட்டேன். "பக்கத்துப் போட்டு ஒசரமா தெரிஞ்சுது"ன்னார். அவ்வளவுதான். பொறியியல் பட்டம் வாங்கின நான் போட்டைப் பாத்துக்கிட்டிருந்தேன். அவரு போட்டுக்கும் பக்கத்துப் போட்டுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பாத்துக்கிட்டிருந்தார்.

அதுக்கப்புறம்தான் புத்தி வந்து எல்லாத்தையும் மாத்துனேன். யாருக்காவது உதவும்னு சுருக்கமா சொல்லிடறேன்.

போட்டுல கேமரா கிடையாது. அங்க ஒரு மிதவை சுவிட்ச் மட்டும். வீட்டுத் தண்ணித் தொட்டியில போடுற மாதிரி, சில நூறு ரூபா சமாச்சாரம். அடியில தண்ணி ஏறினா சுவிட்ச் விழும். அதை ஒரு ஈஎஸ்பி32 போர்டு பாத்துக்கிட்டிருக்கும். கேமராவுக்கு என்னோட பழைய ஆண்ட்ராய்டு போன். அதுலயே கேமரா, சிம், பேட்டரி எல்லாம் இருக்கு, தனித்தனியா எதுக்கு வாங்கணும்? அதைக் கரையில ஒரு கம்பத்துல, வரிசை மொத்தமும் தெரியுற மாதிரி மாட்டியாச்சு. கரை ஆடாது பாருங்க. வீடியோ கிடையாது, பத்து நிமிஷத்துக்கு ஒரு படம், டெலிகிராம்ல வந்து விழும். ஒரு படம் 200 கேபின்னு வச்சா ஒரு நாளைக்கு 30 எம்பி கூட ஆகாது. சின்ன பேனல், வீட்டுல கிடந்த பழைய இன்வெர்ட்டர் பேட்டரி, போதும். போர்டு போனோட ஹாட்ஸ்பாட்ல சேந்துக்கும். யாரும் சேரலைன்னா தானா அணைஞ்சுடற செட்டிங்கை மறக்காம எடுத்து விடுங்க, நான் ரெண்டு நாள் இதுல மண்டை காஞ்சேன்.

வெயில்ல போன் பேட்டரி உப்பும், நிழல் குடுங்க. உப்புக்காத்துல கனெக்டர் பச்சை பிடிக்கும், வாசலின் தடவுங்க. கண்ணாடியில உப்புப் படிஞ்சா ராத்திரி விளக்கு வெளிச்சம் பட்டு வெள்ளையாத்தான் தெரியும், வாரம் ஒரு தடவை தொடைக்கணும். தொடைக்கிறது யாருங்கறீங்க? தாத்தாதான்.

அப்புறம் ஒண்ணு. 4ஜி சிம்முக்கு வெளிய இருந்து நேரா உள்ள வர முடியாது, ஒரே பொது முகவரியைப் பல பேருக்குப் பகிர்ந்து குடுக்குறாங்க. அதனால உள்ள இருந்து வெளிய அனுப்புற மாதிரிதான் எழுதணும். அதுவும் நல்லதுக்குத்தான். 2016ல மிராய்னு ஒரு வைரஸ், பாஸ்வேர்டு மாத்தாத கேமராக்களா தேடித்தேடிப் பிடிச்சு, அந்தக் கேமராக்களை வச்சே இணையத்துல பாதியைப் படுக்க வச்சது ஞாபகம் இருக்கும். கரையில நம்ம வீட்டுப் பொம்பளைங்க உக்காந்து மீன் தரம் பிரிக்கிறாங்க, பிள்ளைங்க விளையாடுது. கேமரா கோணம் எங்க போகுதுன்னு பாக்காம மாட்டுறவன் திருடனைவிட மோசம்.

சரி, இவ்வளவும் வேலை செய்யுது. சூப்பரா வேலை செய்யுது. பிரச்சினையே அதுதான்.

இந்த வருஷம் ஓனருங்க கூடிப் பேசியிருக்காங்க. "அதான் தம்பி கேமரா வச்சிருச்சே, மாசம் ஒம்பதாயிரம் எதுக்குத் தண்டம்?" தாத்தாவை நிறுத்திடலாம்னு முடிவு. சித்தப்பா போன்ல சொல்றப்ப அவர் குரல்ல ஒரு பெருமை. எம்புள்ளை வச்ச கேமரான்னு. எனக்கு வயித்தைக் கலக்கிடுச்சு.

ஓனருங்களை நான் வில்லனாக்க வரலை. 61 நாள் வருமானம் கிடையாது. அந்த நேரத்துலதான் பெயிண்டு, வலை, என்ஜின் வேலைன்னு செலவு வரிசை கட்டி நிக்கும். குறைக்க முடியுற செலவைத் தேடறது நியாயம். ஆனா தப்பான இடத்துல கை வைக்கிறாங்க. அதுக்குக் காரணம் நம்ம மாதிரி பொட்டி தட்டுற ஆளுங்கதான்.

சுவிட்ச் விழுந்தா என்ன நடக்கும்னு நான் எழுதின நிரலைப் பாருங்க. முதல்ல எனக்கு டெலிகிராம்ல மெசேஜ். நான் எங்க இருக்கேன்? முந்நூறு கிலோமீட்டர் தள்ளி சென்னையில. அங்க இருந்து நான் என்னத்தைப் புடுங்க முடியும்? அடுத்து சித்தப்பாவுக்கு. அவர் போன் ராத்திரி சைலண்ட்ல கிடக்கும். மூணாவதா, கம்பத்துல இருக்குற அந்த போனே தாத்தாவோட பட்டன் போனுக்குக் கால் போடும். போட்டுக்கும் அவருக்கும் நடுவுல முப்பது அடி. டார்ச்சை எடுத்துக்கிட்டு எழுந்து போறது அவர். பம்பைப் போடுறது அவர், அடுத்த ஆளை எழுப்புறது அவர். என் சிஸ்டத்தோட கடைசி வரி அவர்தான். மத்ததெல்லாம் அவரை எழுப்புறதுக்கான அலாரம் கடிகாரம். கடிகாரம் வாங்கியாச்சுன்னு எழுந்திருக்கிற ஆளை வீட்டுக்கு அனுப்புறது எந்த ஊரு நியாயம்?

இன்னொரு கேள்வி. 2018 நவம்பர் 16, விடியறதுக்கு முன்னாடி கஜா எங்க பக்கம்தான் கரை கடந்தது. நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவுல. கரண்டு கம்பம் சாஞ்சு டெல்டாவுல பல ஊருல பல நாள் இருட்டு. செல்போன் டவரும் படுத்துடுச்சு. பெத்தவங்களுக்குப் போன் போகாம சென்னையில நாங்க கிடந்து தவிச்ச தவிப்பு இன்னிக்கும் மறக்கலை. டவர் இல்லைன்னா என் கேமரா ஒரு கண்ணாடித் துண்டு. காவல் எந்த ராத்திரிக்கு ரொம்பத் தேவையோ, அந்த ராத்திரிக்கு அது கிடையாது.

உலகத்துல முதல் வெப்கேமரா எதுக்கு வச்சாங்கன்னு தெரியும்ல? கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்துக் கம்ப்யூட்டர் லேப்ல, 1991ல, காப்பிக் குடுவையில காப்பி இருக்கா இல்லையான்னு எட்டி இருந்து பாக்க. எழுந்து நடந்து போய் ஏமாறக் கூடாதுன்னு. 1993ல அது இணையத்துக்கு வந்து, 2001 வரைக்கும் ஓடுச்சு. உலகமே பாத்துச்சு. ஆனா பத்து வருஷத்துல அந்தக் கேமரா ஒரு கப் காப்பி கூடப் போடலை. குடுவை காலின்னு காட்டுச்சு, அவ்வளவுதான். போடுறதுக்கு எப்பவும் ஒரு ஆள் எழுந்து போக வேண்டியிருந்தது.

திருடனுக்காவது கேமரா பயன்படும்னு சொல்வீங்க. ஒத்துக்கறேன், கேமரா இருக்குன்னு தெரிஞ்சா பாதிப் பேர் வர மாட்டான். ஆனா வர்றவன் முகத்துல துண்டைக் கட்டிக்கிட்டு வருவான். கம்ப்ளெயிண்ட் குடுக்கப் படம் கிடைக்கும். பேட்டரி கிடைக்காது. "யார்ரா அது"ன்னு ஒரு குரல் விழுந்தா பேட்டரியே போயிருக்காது.

இப்ப நம்ம கூட்டத்துக்கு. கொஞ்ச வருஷமா நம்ம ஆபீஸ்கள்ல என்ன புலம்பல்? ஏஐ வந்துடுச்சு, வேலை போயிடும், டெமோவைப் பாத்துட்டு மேனேஜருக்கு எங்க வேலை புரியவே மாட்டேங்குதுன்னு. சரி. தாத்தா விஷயத்துல நாம யாரு? டெமோ காட்டினவன். நமக்கு வந்தா ரத்தம், அவருக்கு வந்தா தக்காளிச் சட்னியா? ஒரு வேலையில கண்ணுக்குத் தெரியுற பாதியை மட்டும் நிரலா எழுதிட்டு, முழு வேலையும் முடிஞ்சதுன்னு சொல்ற பழக்கத்தை முதல்ல நாம விடணும். காவக்காரரோட வேலை பாக்கறது மட்டும்னு நான் நினைச்சேன். அது சுலபமான பாதி. கயிறு தேயுதா, காத்து திரும்புதா, பக்கத்துப் போட்டு வந்து இடிக்குதா, இதுக்கெல்லாம் கையும் காலும் வேணும்.

ஓனருங்களுக்கு நான் அனுப்பின பதில் இதுதான். கேமராவும் சுவிட்சும் இருக்கட்டும். ஆனா அது தாத்தாவுக்கான கருவி, அவருக்குப் பதில் இல்ல. அது இருக்குறதால அவர் ராத்திரி பூரா கொட்டக் கொட்ட முழிக்க வேண்டாம், அந்தக் கொட்டகையில கொஞ்சம் கண்ணசரலாம். எழுபது வயசுல அது பெரிய விஷயம். 12 போட்டுக்கும் சுவிட்ச் நானே வந்து மாட்டித் தர்றேன், காசு வேண்டாம். மாசம் 750 ரூபா, ஒரு நாளைக்கு 25 ரூபா, ரெண்டு டீ காசு.

இல்ல, நிறுத்தியே தீருவோம்னா, ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். நிரல்ல மூணாவதா இருக்குறது தாத்தா நம்பர். அதை எடுத்துட்டு வேற எந்த நம்பரைப் போடட்டும்? ராத்திரி மூணு மணிக்கு, மழையில, முதல் ரிங்குலயே எடுத்து, முப்பது அடியில எழுந்து வந்து நிக்கிற ஒரு நம்பரைக் குடுங்க. அன்னிக்கே மாத்திடறேன்.

மெசேஜ் போட்டு நாலு நாளாச்சு. எல்லாருக்கும் நீல டிக் விழுந்துடுச்சு. நம்பர் இன்னும் வரலை.

பி.கு: சித்தப்பா மட்டும் நேத்து ராத்திரி கூப்பிட்டார். "அந்தத் தொடைக்கிற துணி கிழிஞ்சு போச்சாம்டா, தாத்தா கேக்கறாரு, வர்றப்ப நல்லதா ரெண்டு வாங்கிட்டு வா"ன்னார். வாங்கியாச்சு :-)