பெஞ்சு எங்கே, அண்ணாச்சி?

வடசேரி பஸ் ஸ்டாண்டு பக்கம் நான் டீ குடிக்கிற கடை போன மாதம் கை மாறியது. புது அண்ணாச்சி தங்கமான மனுஷன். பாய்லரைப் பளபளவென்று தேய்த்தார். ஏத்தம்பழ பஜ்ஜிக்குப் புதுக் கண்ணாடிப் பெட்டி வாங்கினார். டீகூட முன்னைவிட ருசி. ஆனால் பெஞ்சை மட்டும் இடம் மாற்றிப் போட்டுவிட்டார். விளைவு? மூன்று நாள் நான் நின்றுகொண்டே குடித்து அவரைத் திட்டினேன். பெஞ்சு எனக்குப் பின்னால் நாலடியில்தான் கிடந்தது!

நாலாம் நாள் சித்தி மகன் வந்தான். திருவனந்தபுரத்தில் கம்ப்யூட்டர் உத்தியோகம். ராத்திரியில் தர்ம காரியம். யாரோ எழுதிக் கைவிட்ட ஒரு பிரவுசர் எக்ஸ்டென்ஷனைப் பிரதி எடுத்து, ரிப்பேர் பார்த்து, வேறு பெயரில் இலவசமாகக் கொடுக்கிறான். இப்படித் தனிக்குடித்தனம் போவதற்கு 'ஃபோர்க்' என்று பெயராம்.

"ஒரு பட்டனை மெனுவுக்குள்ள தள்ளி வச்சேன், அண்ணே. ஊரே ஏசுது. சம்பளமா தாறானுவ? யாருக்காவது குடுத்துட்டு விட்டிரலாம்னு பாக்கேன்."

நான் பி.காம். எனக்கு கம்ப்யூட்டர் தெரியாது, குட்வில் தெரியும். கடையை வாங்கினால் அலமாரிக்கு ஒரு விலை, நல்ல பெயருக்குத் தனி விலை. நல்ல பெயர் என்பது வேறென்ன? கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்தால் பெஞ்சு இருக்க வேண்டும்! ஃபோர்க் எடுத்தவனுக்கு அது ஓசியில் வருகிறது. ஓசியில் வந்தாலும் ஜனங்களுக்குப் பட்ட கடன்தான்.

"சரிதான்" என்று அவனே ஒரு கதை சொன்னான். வெப்சைட்டின் தோற்றத்தை நம் இஷ்டத்துக்கு மாற்றித் தருவது ஸ்டைலிஷ். அது கை மாறிய பிறகு, 2017 முதல் நாம் எந்தெந்தப் பக்கம் பார்க்கிறோம் என்று சேகரிக்க ஆரம்பித்தது. சிலர் அதன் பழைய 1.5.2 பதிப்பை எடுத்துக்கொண்டு 'ஸ்டைலஸ்' என்று பிரிந்தார்கள். அவர்கள் கொடுத்த வாக்கு இரண்டே: வேவு கிடையாது, முகப்பு மறுபடி சுலபமாக இருக்கும். 2018 ஜூலையில் கூகுளும் மொஸில்லாவும் ஸ்டைலிஷைத் தங்கள் கடையிலிருந்து தூக்கின.

"அப்போ முகப்பு மாறலன்னா நம்பலாமாடே?"

"அதுவும் இல்லண்ணே." தி கிரேட் சஸ்பெண்டர் என்று ஒன்று. சும்மா திறந்து கிடக்கிற டேப்களைத் தூங்கவைத்து மெமரி மிச்சம் பிடிக்கும். 20 லட்சம் பேருக்கு மேல் வைத்திருந்தார்கள். 2020 ஜூனில் கை மாறியது. பெயர் அதே, பட்டன் அதே. உள்ளே சரக்கு மட்டும் வேறு. 2021 பிப்ரவரியில் கூகுள் அதை மால்வேர் என்று சொல்லி அணைத்துப் போட்டது. பெஞ்சு இருந்த இடத்தில்தான் இருந்தது, பாலில் கலப்படம்!

எனக்கு டீ தொண்டையில் நின்றது. "ஏலேய், பட்டனை மாத்தினா ஜனம் கத்தும். உள்ள மாத்தினா கத்தாது, தெரியாதே! உன்னை ஏசுறவன் கண்ணை மூடிக்கிட்டு உன்னை நம்புறவன். அவனை யாருக்குடே குடுக்கப் போற?"

பயல் பேசவில்லை. பஸ் ஏறுமுன் லேப்டாப்பைத் திறந்து பட்டனைப் பழைய இடத்தில் வைத்தான். புது ஏற்பாடு வேண்டுகிறவர்களுக்கு செட்டிங்கில் ஒரு வழி விட்டான். என்ன மாற்றினேன் என்று நாலு வரியும் எழுதிப் போட்டான்.

போன வாரம் டீக்கடை அண்ணாச்சியும் மனமிரங்கி பெஞ்சைப் பழைய இடத்தில் போட்டார். நேற்று அதில் முட்டி மோதிக்கொண்டேன். எனக்குத்தான் நின்று குடித்துப் பழகிவிட்டதே!