முத்திரை சான்றாகுமா?

மன்னார்த் தீவின் தென்கரையில், 2020 டிசம்பரில் இலங்கை மின்சார சபை திறந்துவைத்த தம்பபவனி நிலையத்தில் 30 காற்றாலைகள் நிற்கின்றன. அவற்றின் மொத்த வலு 100 மெகாவாற்று என்று ஒரு சாராரும், 103.5 மெகாவாற்று என்று மற்றொரு சாராரும் எழுதுகின்றனர். காற்றாலை ஒன்றின் வலு 3.45 மெகாவாற்று. அதனை முப்பதாற் பெருக்கினால் 103.5 வரும், 100 என்பது திட்டத்தை அழைக்கும் பெயரளவு எண். பெருக்கிப் பார்க்க ஒரு நிமிடம் போதும். ஆயினும் நம்மவருட் பெரும்பாலோர் பெருக்குவதில்லை. எந்தத் தாளில் முத்திரை பெரிதாக இருக்கிறதோ, அந்தத் தாளின் எண்ணை எடுத்தெழுதிவிட்டு அதனை ஆராய்ச்சி என்கின்றனர்.

இச்சோம்பலையே நான் ஈண்டுச் சாடவருகிறேன். தொழினுட்பம் பற்றிய தகவலை யார் சொன்னார் என்று கேட்டு ஏற்பதும் தள்ளுவதும் நம்மிடையே வழக்காகிவிட்டன. சொன்னவர் அதனை எவ்வாறு அறிந்தார், எங்கே, எந்த மாதத்தில், எத்தனை நாள் அளந்தார் என்று கேட்போர் அரியர்.

மன்னார்க் கடலே இதற்குப் பழைய பாடம் ஒன்றை வைத்திருக்கிறது. 1891இன் பின் முத்துக்குளிப்பு நின்றுபோகவே, காரணமறிய அக்கால அரசு லிவர்ப்பூல் பேராசிரியர் ஹேர்ட்மனை அழைத்தது. அவர் 1902இல் வந்து பார்களை ஆராய்ந்தார். உடன்வந்த ஹோர்னெல் தங்கியிருந்து பணியைத் தொடர்ந்தார். அறிக்கையை 1903 முதல் 1906 வரை ஐந்து பகுதிகளாக வெளியிட்டது இலண்டன் ரோயல் சொசைற்றி. அதனிலும் பெரிய முத்திரை அன்று உலகில் ஏது?

அவ்வறிக்கையிலே இருவகைச் செய்திகள் உள்ளன. நாடாப்புழுவின் குடம்பியே சிப்பிக்குள் முத்து விளையக் காரணம் என்பது ஒன்று. பனித்துளி முத்தாகிறது என்ற நம் முன்னோர் நம்பிக்கையைக் கேட்டு நகைத்தவர்கள் இக்கொள்கையைக் கேள்வியின்றி ஏற்றனர். 1912இல் லிஸ்டர் ஜேம்சன் அதனை மறுத்தெழுதினார். பின்னர் யப்பானியர், சிப்பியின் போர்வைத் திசுவைக் கருமணியோடு சேர்த்துப் பொருத்தி, புழு எதுவுமின்றியே முத்தை விளைவித்தனர். மற்றையது, பெரிய பார் பற்றிய செய்தி. 1902 மார்ச்சு மாதத்தில் அங்கே இளஞ்சிப்பிகள் அளவிறந்து கிடந்தன. நவம்பரில் அவை இல்லை. இடமும் மாதமும் குறித்த இச்செய்தியை எவரும் மறுக்கவேண்டி வரவில்லை. ஒரே நூல், ஒரே முத்திரை. ஒன்று வீழ்ந்தது, ஒன்று நின்றது. நூலின் பெயரை மட்டும் அடிக்குறிப்பில் எழுதுபவனுக்கு இவ்வேறுபாடு தெரியவே தெரியாது. (அப்பார்களுக்குப் பெயரிட்டவர்கள் நம் கடலோடிகள்; அறிக்கையும் அப்பெயர்களையே ஆண்டது.)

1906இல் ஒரு கும்பனி அப்பார்களை 20 ஆண்டுக் குத்தகைக்கு எடுத்தது. 1907ஆம் ஆண்டுக் குளிப்போடு சிப்பி ஒழிந்தது. குத்தகைக் காலம் முடியுமுன் கும்பனியும் கலைந்தது. சில ஆண்டுப் பெருவிளைவைக் கண்டு இருபது ஆண்டுக்குக் கணக்கிட்ட அந்த மயக்கம் இன்னும் நம்மை விட்டு நீங்கவில்லை.

இனிக் காற்றாலைக்கு வருவோம். தேசிய சுற்றாடல் சட்டத்தில் 1988ஆம் ஆண்டின் திருத்தம் புகுத்திய முறைமைப்படி, சுற்றாடல் தாக்க அறிக்கையைத் தயாரிப்பிக்க வேண்டியவர் திட்டத்தை முன்வைப்பவரே. இதனாலேயே அறிக்கை பொய் என்று கூறின் அது அறியாமை. ஆயினும், வழக்காளி ஒருவனின் சத்தியக் கடதாசியை நீதிபதியின் தீர்ப்பாக எடுத்தாள்வோமா? நம் மாணவர் ஆய்வேடுகள் அதனைத்தான் செய்கின்றன. அறிக்கையின் சுருக்கத்திலுள்ள ‘பாதிப்புக் குறைவு’ என்ற தொடர் ஆய்வேட்டில் ‘பாதிப்பு இல்லை’ என்றாகிறது. பின்னிணைப்பில் உள்ள அளவீட்டுத் திகதிகளைப் புரட்டிப் பார்ப்பவர் இல்லை.

திகதிகளோ இங்கே உயிர்நாடி. மன்னாரில் காற்று வலுப்பது மே முதல் செப்தெம்பர் வரையிலான தென்மேற்குப் பருவத்தில். வடதிசையிலிருந்து பறவைகள் வந்து தங்குவது பெரும்பாலும் ஒக்தோபர் முதல் மார்ச்சு, ஏப்பிரல் வரை. தீவுக்கு எதிர்க்கரையிலுள்ள வங்காலைச் சரணாலயம் 2010இல் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது இப்பறவைகளால்தான். காற்றை அளக்கத் தகுந்த மாதங்களில் பறவையை எண்ணினால் வானம் வெறிதாகவே இருக்கும். எண்ணியவர் பொய் சொல்லவில்லை. ஆனால் அவர் எண்ணிக்கை நம் வினாவுக்கு விடையுமன்று.

எதிர்ப்பக்கத்தாரையும் நான் விட்டுவைப்பதற்கில்லை. 484 மெகாவாற்றுக்கான மன்னார், பூநகரித் திட்டத்திலிருந்து 2025 பெப்ரவரியில் அதானி நிறுவனம் விலகியது. அதே ஆண்டு ஓகஸ்தில் வேறு காற்றாலைகளை எதிர்த்து மன்னார் மக்கள் வீதிக்கு இறங்கினர். காற்றாலைகள் வந்தபின் மீன் குறைந்தது, மழைநீர் வடியாமல் ஊருக்குள் நிற்கிறது என்பன அவர்கள் முறைப்பாடுகள். சோளகம், கச்சான், வாடை, கொண்டல் என்று காற்றைப் பெயர்சொல்லி அறிந்தவரின் சொல்லை வதந்தி என்று ஒதுக்க எனக்குத் துணிவில்லை. ஆனால் மீன் குறைந்ததற்குக் காற்றாலைதான் காரணமா, இழுவைப்படகா, இரண்டுமா என்பதைப் போராட்டப் பந்தலில் தீர்மானிக்க முடியாது. வெள்ளம் பற்றிய முறைப்பாட்டைச் சோதிப்பது அதனிலும் எளிது: மழையளவும், பழைய வாய்க்கால் மட்டங்களும், பாதை போடுமுன் எடுத்த நிலவளவையும் வேண்டும்.

அவற்றை யார் சேர்ப்பது? முன்வைப்பவரிடம் போய்க் கேட்கிறோம். அவர் தரும் தாளை அறிவியல் என்கிறோம். பின் ஊரிலே போய்க் கேட்கிறோம். அவர் சொல்வதை மக்கள் குரல் என்கிறோம். வடக்கிலே பல்கலைக்கழகங்கள் இருக்கின்றன. அவற்றில் புவியியற்றுறையும் விலங்கியற்றுறையும் மீன்பிடியியற்றுறையும் பொறியியற் பீடமும் இருக்கின்றன. தலைமன்னார் முதல் சிலாவத்துறை வரை நான்கைந்து இறங்குதுறைகளில் அன்றாடம் ஏறும் மீனை நிறுத்துக் குறிக்க ஒரு தராசும் ஒரு கொப்பியும் போதும். மூன்று ஆண்டு தொடர்ந்து குறிக்கப் பொறுமை வேண்டும். இறுதியாண்டு ஆய்வுக்கு ஆறு மாதம் ஒதுக்கிவிட்டு அதில் நான்கு மாதத்தை ‘இலக்கிய மீளாய்வு’ என்ற பெயரில் படியெடுப்பதற்கு விடும் நம் பாடத்திட்டம் இதற்கு இடந்தராது. விரிவுரையாளராகிய நாமே வகுத்த திட்டம் அது. ஒரு தொகுதி மாணவர் தொடங்கிய கொப்பியை அடுத்த தொகுதி மாணவர் தொடர இடம்வைத்து, வருகின்ற கல்வியாண்டிலேயே அதனை மாற்றலாம்.