கண்ணாடித் தொட்டியில் செடி வளர்ப்பு: முதல் செலவைவிட பராமரிப்புச் செலவே பெரிது

நகரங்களை அடுத்துள்ள சிற்றூர்களில் அலங்கார மீன் வளர்ப்பு ஓர் உபதொழிலாகப் பரவி வருகிறது. சென்னையிலுள்ள கொளத்தூர் இத்தொழிலுக்குப் பெயர் பெற்ற இடம். மீனோடு சேர்த்து, கண்ணாடித் தொட்டிக்குள் வேர் பிடித்து வளரும் நீர்ச்செடிகளுக்கும் இப்போது கிராக்கி உண்டு. அரை சென்ட் நிழல்வலைக்குள் இச்செடிகளை வளர்த்து விற்றால் நல்ல லாபம் கிடைக்கும் என்ற பேச்சு சிறு விவசாயிகளின் காதிலும் விழுகிறது.

ஒரு செடி என்ன விலைக்குப் போகும் என்று பலரும் கேட்கிறார்கள். அதை வாங்குகிறவர் தம் வீட்டில் வைத்துக் காப்பாற்ற என்ன செலவாகும் என்று கேட்பவர் அரிது. விற்பவரின் சந்தை நிற்பதும் விழுவதும் இந்த இரண்டாவது கேள்வியில்தான் இருக்கிறது. வாங்கியவரின் தொட்டி மூன்று மாதத்தில் பாசி படிந்து பாழானால் அவர் மறுபடி செடி வாங்க வரமாட்டார். ஆகவே இத்தொழிலில் இறங்க நினைக்கும் விவசாயி, கடன் விண்ணப்பம் எழுதுவதற்கு முன் தம் வீட்டுத் திண்ணையில் ஒரே ஒரு தொட்டியை ஓராண்டு வைத்துக் கணக்கு எழுதிப் பார்ப்பது அவசியம்.

தொட்டியின் கணக்கு

இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரம் உள்ள தொட்டியை எடுத்துக்கொள்வோம். இதன் கொள்ளளவு இரண்டு கன அடி, அதாவது சுமார் 56 லிட்டர். நீர், மண், மணல், கண்ணாடி எல்லாம் சேர்ந்தால் ஏறக்குறைய ஒரு நெல் மூட்டையின் எடை வரும். எனவே ஆட்டம் இல்லாத மேடை வேண்டும். தொட்டி, எல்.இ.டி. விளக்கு, சிறிய வடிகட்டி, மண், மணல், செடி யாவும் சேர்த்து 4,000 ரூபாய் ஆவதாக வைத்துக்கொள்வோம். ஊருக்கு ஊர் இது கூடும், குறையும். தொட்டி ஐந்தாண்டு உழைத்தால் ஆண்டுக்கு 800 ரூபாய்தான் தேய்மானம்.

இனி நடப்புச் செலவைப் பார்க்கலாம். 20 வாட் விளக்கு நாளொன்றுக்கு எட்டு மணி நேரமும், 5 வாட் வடிகட்டி இரவு பகலாகவும் ஓடினால் ஆண்டுக்குச் சுமார் 100 யூனிட் மின்சாரம் ஆகும். வாரம் ஒரு முறை கால் பங்கு நீரை மாற்றினால் தடவைக்கு 14 லிட்டர். ஆண்டுக்கு 700 லிட்டருக்கு மேல். கிணற்று நீரோ, ஆழ்குழாய் நீரோ ஒத்துக்கொண்டால் இது செலவே அல்ல. உப்பு மிகுந்த ஊரில் குடிநீர் கேன் வாங்கி ஊற்ற நேர்ந்தால் வாரம் ஒரு கேன் செலவு தலையில் விழும்.

பலரும் கணக்கில் சேர்க்காதது உழைப்பு. நீர் மாற்றுதல், கண்ணாடி துடைத்தல், அழுகிய இலை கிள்ளுதல், வடிகட்டி அலசுதல் ஆகியவற்றுக்கு வாரம் ஒரு மணி நேரமாவது பிடிக்கும். ஆண்டுக்கு 52 மணி நேரம், அதாவது ஆறரை ஆள் வேலை. கூலியை 500 ரூபாய் என்று கணக்கிட்டால் 3,250 ரூபாய். தொட்டியின் ஆண்டுத் தேய்மானத்தைப் போல இது நான்கு மடங்கு. சொந்த உழைப்புக்குக் கூலி போடாமல் நெல்லில் லாபம் பார்ப்பது எவ்வளவு தவறோ, அதே தவறு இதிலும் உண்டு.

இரு வழிகள்

செடித் தொட்டி வளர்ப்பில் இரண்டு வழிகள் உள்ளன. ஜப்பானைச் சேர்ந்த தக்காஷி அமானோ (1954–2015) உலகெங்கும் புகழ்பெறச் செய்த வழி ஒன்று. வலுவான விளக்கு, உருளையிலிருந்து கரியமில வாயு, விலை கூடிய தயாரிப்பு மண், அளந்து ஊற்றும் திரவ உரம் ஆகியவை இதற்குத் தேவை. செடி வேகமாக வளரும். பார்ப்பதற்குப் பச்சைப் புல்வெளி போல் இருக்கும். ஆனால் வளர்ச்சி கூடும்போது கத்தரிப்பும் கூடும், உரமும் கூடும். வாயு இடையில் தீர்ந்துபோனால் விளக்கின் ஒளியைச் செடிக்குப் பதில் பாசி பயன்படுத்திக்கொள்ளும்.

அமெரிக்காவைச் சேர்ந்த டயானா வால்ஸ்டாட் 1999இல் வெளியான தம் நூலில் விளக்கியது மற்றொரு வழி. அடியில் ஓரங்குலம் சாதாரண மண், அதன்மேல் ஓரங்குலம் கழுவிய பருமணல், நிறைய செடிகள், குறைந்த எண்ணிக்கையில் மீன்கள். மீன் கழிவே செடிக்குத் தழைச்சத்து. மண்ணிலுள்ள மட்கு சிதையும்போது கரியமில வாயு கிடைக்கிறது. வளர்ச்சி மெதுவானது, பராமரிப்பும் குறைவு.

சிறு விவசாயிக்கு ஏற்றது இரண்டாவது வழியே. அவர் விற்கும் செடியும் இந்த வழியில் பிழைக்கக் கூடியதாக இருக்க வேண்டும். ஒரு எச்சரிக்கை: பூச்சிமருந்து அடித்த வயல் மண்ணைத் தொட்டியில் போடக்கூடாது, நஞ்சின் மிச்சம் மீனைக் கொன்றுவிடும். புதுச் சாணமும் ரசாயன உரமும் கலந்த மண்ணும் ஆகாது. மருந்து படாத தோட்ட மண்ணைச் சலித்துப் பயன்படுத்தலாம்.

அவசரம் ஆகாது

தொட்டியில் நீர் நிரப்பிய அன்றே மீனை விட்டுவிட்டு, மறுவாரம் செத்த மீனை அள்ளுவது பலர் செய்யும் தவறு. மீன் கழிவிலிருந்து வரும் அமோனியா நஞ்சு. அதை முதலில் நைட்ரைட்டாகவும், பின்னர் தீங்கு குறைந்த நைட்ரேட்டாகவும் மாற்றும் நுண்ணுயிர்கள் பெருகுவதற்கு நான்கு முதல் ஆறு வாரங்கள் பிடிக்கும். அதுவரை செடியை மட்டும் வளர்த்துப் பொறுத்திருக்க வேண்டும். எட்டு மணி நேரத்திற்கு மேல் விளக்கு எரித்தாலும், சன்னல் வெயில் நேராகப் பட்டாலும் பாசி மிகும். நம் சமவெளியில் நீரைச் சூடாக்கும் கருவி தேவையில்லை. கோடைச் சூடுதான் இங்கு இடர்.

எதை வளர்ப்பது?

நீர்ப்பிரம்மியும் ஆரைக்கீரையும் நம் வரப்போரத்தில் வளர்பவை. நீர்ப்பிரம்மி உலகெங்கும் தொட்டிச் செடியாக விற்கப்படுகிறது. ஆரைக்கீரையின் இனச்செடிகள் தொட்டியின் முன்பகுதிக்கு நடப்படுகின்றன. நீர்முள்ளியின் இனமான ஹைக்ரோஃபிலா, நீளிலை வாலிஸ்னேரியா ஆகியவையும் எளிதில் பெருகும். வாலிஸ்னேரியா கடின நீரையும் தாங்கும்.

பண்ணைகளில் இவற்றுள் பல செடிகள் ஈரமண்ணில், இலை காற்றில் இருக்கும்படி வளர்க்கப்படுகின்றன. அப்படி வளர்ந்த செடியை நீருக்குள் நட்டால் பழைய இலைகள் கரைந்து உதிர்ந்து, பிறகு நீருக்கேற்ற புது இலைகள் வரும். இதை அறியாத வாடிக்கையாளர் செடி செத்தது என்று தூக்கி எறிவார், விற்றவரையும் ஏசுவார். விற்கும்போதே இதைச் சொல்லி அனுப்பும் விவசாயிக்கு அவர் மீண்டும் வருவார்.

கடனும் மானியமும்

2020இல் தொடங்கப்பட்ட பிரதம மந்திரி மத்ஸ்ய சம்பத யோஜனா திட்டத்தில், புறக்கடை அலங்கார மீன் வளர்ப்பு அலகுக்கு 3 லட்சம் ரூபாய் மதிப்பிடப்பட்டு, பொதுப் பிரிவினருக்கு 40 சதவீதமும், பெண்களுக்கும் தாழ்த்தப்பட்ட, பழங்குடியினருக்கும் 60 சதவீதமும் மானியமாக வகுக்கப்பட்டது. மானியம் நல்லதே. ஆனால் 40 சதவீதம் போக மீதி 1 லட்சத்து 80 ஆயிரம் ரூபாய் விவசாயியின் பொறுப்பு என்பதை மறக்கலாகாது. மானியம் கட்டடத்துக்கு உதவும். மூன்றாம் ஆண்டின் மின்கட்டணத்தையும் ஆள் கூலியையும் அது தராது.

இன்னொரு செலவு ஊர்ப் பொதுவில் விழக்கூடியது. கத்தரித்த செடிகளையும் வேண்டாத மீன்களையும் வாய்க்காலிலோ ஏரியிலோ கொட்டக் கூடாது. அழகுக்காகக் கொண்டுவரப்பட்ட ஆகாயத்தாமரை நம் நீர்நிலைகளை அடைத்துக்கொண்டிருப்பதே போதிய பாடம். கழித்த செடிகளை வெயிலில் உலர்த்திக் குப்பைக் குழியில் போட்டால் எருவாகும்.

திண்ணைத் தொட்டி ஓராண்டு செழித்து, நோட்டுப் புத்தகத்தில் வரவு செலவைவிட மிஞ்சும் என்று தெரிந்தால் நிழல்வலை கட்டலாம். மிஞ்சாது என்று தெரிந்தால் இழப்பு ஒரு தொட்டியோடு போகும்; நிலப் பத்திரம் அடகுக்குப் போகாது.