வெண்டைக்காயும் காத்திருக்கும் நாளும்

2024 ஏப்ரலில் நம்ம நாட்டு மசாலாப் பொடியில் எத்திலீன் ஆக்சைடு இருக்குன்னு ஹாங்காங்கும் சிங்கப்பூரும் சொன்னது ஞாபகம் இருக்கா? அது வயலில் அடிக்கிற மருந்து இல்லை, கிருமி சாக சரக்குக்குப் போடுற புகை. ஆனா அதே மாசம் 8-ஆம் தேதி நம்ம உணவுப் பாதுகாப்பு ஆணையம் (எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ.) இன்னொரு உத்தரவு போட்டது. இந்தியாவில் பதிவாகாத, தனி அளவும் குறிக்காத பூச்சிமருந்து மசாலாப் பொருளில் கிலோவுக்கு 0.01 மில்லிகிராம் வரை இருக்கலாம்னு இருந்ததை 0.1 ஆக்கினாங்க. பத்து மடங்கு. பத்து டன் லாரி மிளகாயில் 0.1 கிராம் இருந்தது அந்த உத்தரவால 1 கிராம் வரை போகலாம்னு ஆச்சு.

டவுன்ல இருக்கிறவங்க கோபப்பட்டது நியாயம்தான். ஆனா நான் சொல்ல வர்றது வேற. எண்ணைக் குறைச்சாலும் கூட்டினாலும், அந்த எண் எங்க வயலில்தான் உருவாகுது.

மருந்து டப்பாவில் முக்கோணத்தில் சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சைன்னு நிறம் இருக்கும். சிவப்புதான் கொடிய விஷம். அதோட, அடிச்ச பிறகு எத்தனை நாள் கழிச்சுப் பறிக்கணும்னும் எழுதியிருக்கும், பொடி எழுத்தில். அந்த நாளைக் காத்தால்தான் எச்சம் சட்ட அளவுக்குள்ள வரும்.

வெண்டைக்காய் காத்திருக்குமா? ஒருநாள் விட்டு ஒருநாள் பறிக்கணும். நாலு நாள் விட்டா முத்திப்போகும், மண்டியில் கேட்பாரில்லை. புழுவைக் கையால் பொறுக்கலாம்னா ஆள் இல்லை. கும்மிடிப்பூண்டி சிப்காட் கம்பெனி பஸ் விடியறதுக்குள்ள பசங்களை ஏத்திக்கிட்டுப் போயிடுது. அந்தச் சிப்காட்டில் ஒரு போல்ட் கேட்டைத் தாண்டணும்னாக்கூட சோதனை உண்டு. எங்க வெண்டை மூட்டைக்கு? கண்ணால பார்த்து, பளபளப்புக்கு விலை. பொறுத்துப் பறிச்சவனுக்கும் மறுநாளே பறிச்சவனுக்கும் ஒரே விலை. அப்புறம் எவன் பொறுப்பான்?

கழுவினா போயிடும்னு நினைக்காதீங்க. செடிக்குள்ள ஊடுருவுற மருந்து கழுவினா போகாது.

டெல்லியில் எண் போட்டா மட்டும் போதாது. ஒவ்வொரு மார்க்கெட் வாசலிலும் மாதிரி எடுத்துச் சோதிக்கணும், முடிவைப் பலகையில் எழுதணும். காத்திருந்தவன் சரக்குக்குக் கூடுதல் விலை தரணும். டப்பாவில் அந்த நாள் கணக்கைப் பெரிய தமிழ் எழுத்தில் போடணும். நீங்களும் ஒண்ணு செய்யுங்க: ஓட்டை விழுந்த கத்தரியைக் கண்டதும் கூடையில் இருந்து தள்ளாதீங்க. ஓட்டை இல்லாத காய் வேணும்னு நீங்க கேட்கிறதும் எங்க ஊர் ஸ்பிரேயரைத் தூக்க வைக்குது.