4கே டிவியும் மூன்றரை சிப்பம் நெல்லும்

டிஸ்கி: எந்த கம்பெனி டிவி நல்லதுன்னு தேடி வந்தவங்க மன்னிக்கவும். இது ரெண்டு மாச வயித்தெரிச்சல். கொட்டித் தீர்த்துடுறேன். :-)

2025 தீபாவளிக்கு எங்க வீட்டுக்கு 55 இன்ச் 4கே டிவி வந்துச்சு. குறுவை நெல்லு போட்ட காசு கைக்கு வந்த வாரம் அது. அப்பா, சித்தப்பா, நான் மூணு பேரும் சுவாமிமலையில பஸ் ஏறி கும்பகோணம் போனோம். கடை பேர் வேண்டாம், பெரிய கடைதான். உள்ளே நுழைஞ்சா சுவர் முழுக்க பஞ்சவர்ணக் கிளி. இறகை ஒண்ணொண்ணா எண்ணலாம். அப்பா வாயைப் பொளந்துட்டார். நானுந்தான்.

வீட்டுக்கு வந்து மாட்டி, கேபிள் பெட்டியை சொருகி, சீரியலைப் போட்டோம். கதாநாயகிக்கு மூக்கு எங்கே முடியுது, கன்னம் எங்கே ஆரம்பிக்குதுன்னே தெரியல. "பழைய டப்பா டிவியிலயே இதைவிட நல்லா தெரிஞ்சுதேடா"ன்னு அம்மா ஒரே வரியில தீர்ப்பு சொல்லிட்டாங்க.

அம்மா சொன்னது நூத்துக்கு நூறு சரி. கணக்கைப் பாருங்க. சாதாரண கேபிள் சேனல் அதிகபட்சமா அனுப்புற படம் 720க்கு 576. அதாவது சுமார் 4 லட்சம் புள்ளி. 4கே திரையில இருக்கிறது 3840க்கு 2160, சுமார் 83 லட்சம் புள்ளி. இருபது புள்ளியில ஒண்ணுதான் சேனல்காரன் அனுப்பினது, மீதி பத்தொன்பதை டிவியே குத்துமதிப்பா ரொப்பிக்குது! சின்ன டப்பாவுல அடங்கிக் கிடந்த குறையெல்லாம் பெரிய திரையில ஊதிப் பெருசாகி மாவு மாதிரி வழியுது. கடையில ஓடின கிளி பென் டிரைவ்ல வந்த கிளி. நம்ம வீட்டு ஒயருக்குள்ள அந்தக் கிளி வராது சாமி.

நாம காசு குடுக்கிறது திரைக்கு, ஆனா பார்க்கிறது சிக்னல். இதை கடையில ஒருத்தர்கூட சொல்லல. "உங்க வீட்டுல என்ன கனெக்‌ஷன் சார்?"னு ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தா போதும். கேட்டா 55 இன்ச் எப்படி விக்கும்?

எச்.டி. பெட்டி வாங்கினவங்க சிரிக்காதீங்க. எழுந்து போய் டிவிக்கு பின்னாடி எட்டிப் பாருங்க. பெட்டியிலிருந்து மஞ்சள், சிவப்பு, வெள்ளைன்னு மூணு தலை ஒயர் வந்தா, எச்.டி. சேனலுக்கு நீங்க மாசாமாசம் கட்டுற காசு காவேரியில கரைச்ச பெருங்காயம். அந்த மஞ்சள் ஒயருக்கு எச்.டி. படத்தைக் கொண்டு வரவே தெரியாது. எச்.டி.எம்.ஐ. ஒயர் வேணும். கூட்டாளிங்க நாலு பேர் வீட்டுல பார்த்தேன், ரெண்டு வீட்டுல மஞ்சள்தான்!

அடுத்த கூத்து. எங்க தெருவுல ஒரு ஸ்தபதி பெரியப்பா இருக்கார். எங்க ஊர் ஐம்பொன் சிலைக்கு புவிசார் குறியீடே உண்டு, தெரியும்ல? முகத்தோட நீளத்தை ஒரு தாளம்னு வெச்சு, ஓலை நறுக்கை மடிச்சு மடிச்சு உடம்பு பூரா அளக்கிற பரம்பரை. டிவி பார்க்க வந்தவர், ஓடிக்கிட்டிருந்த பழைய பாட்டை ரெண்டு நிமிஷம் பார்த்துட்டு கேட்டார்: "ஏன்டா தம்பி, எல்லாருக்கும் மூஞ்சி அகலமா இருக்கு? தாளம் தப்புதேடா."

அதுவரைக்கும் வீட்டுல ஒருத்தரும் கவனிக்கல. அந்தக் காலத்து படம் சதுரத்துக்கு கிட்ட, 4க்கு 3. இன்னைக்கு டிவி 16க்கு 9. ஓரத்துல கருப்பு விட்டா காசு வீணாப் போச்சுன்னு நினைச்சு ரெண்டு பக்கமும் இழுத்து ரொப்பிடுறோம். சிவாஜியும் எம்.ஜி.ஆரும் மூணுல ஒரு பங்கு குண்டாயிடுறாங்க. தமிழோட முதல் சினிமாஸ்கோப் படம் 1973ல வந்த 'ராஜராஜ சோழன்'. அதுக்கு நேர்மாறான கஷ்டம். அது 16க்கு 9-ஐ விட அகலம், மேலயும் கீழயும் கருப்பு விழணும். பொறுக்காம ஜூம் போட்டா ரெண்டு ஓரத்துல நிக்கிறவங்க காலி. தஞ்சாவூர்க்காரனே ராஜராஜனை வெட்டலாமா? ரிமோட்டுல ஒரு பட்டன் சமாச்சாரம்யா இது, நயாபைசா செலவில்லை.

"கேபிளை விடு, நான் நெட்டுல 4கே படம் பார்ப்பேன்"னு ஒரு கோஷ்டி வரும். வாங்க. நல்ல பார்வை உள்ள கண்ணுக்கே ஒரு டிகிரியில அறுபதுல ஒரு பங்குக்கு கீழே ரெண்டு புள்ளியை பிரிச்சுப் பார்க்க வராது. அதை வெச்சு கணக்கு போட்டா, 55 இன்ச் திரையில ஃபுல் எச்.டி.க்கும் 4கேவுக்கும் வித்தியாசம் தெரிய ஏழடிக்குள்ள உட்காரணும். 43 இன்ச்னா அஞ்சரை அடி. எங்க கூடத்துல டிவி சுவருக்கும் அப்பா நாற்காலிக்கும் பதினோரு அடி. பதினோரு அடியில 83 லட்சம் புள்ளியும் 20 லட்சம் புள்ளியும் ஒண்ணுதான். நியாயமா சொல்லணும்னா, பெரிய சைஸுல இப்ப 4கே தவிர வேற கிடைக்கிறதே கஷ்டம், அதனால 4கே வாங்குறது தப்பில்லை. அதுக்குன்னு கூடுதல் காசு குடுக்கிறதுதான் தப்பு. கருப்பு கருப்பா தெரியுதா, பகல்ல ஜன்னல் வெளிச்சத்துல படம் தெரியுதா, இதைப் பாருங்க. முக்கியமா சத்தம். ஒல்லி டிவிக்கு பின்னாடி கீழ்ப்பக்கமா பார்த்த ஸ்பீக்கர்ல நாதஸ்வரம் கேட்டுப் பாருங்க, பீப்பீ ஊதுற மாதிரி இருக்கும்.

இப்ப காசு விஷயம். பி.காம். மூணாவது வருஷம் படிக்கிறவன் பக்கத்துல நின்னுக்கிட்டே இது நடந்துச்சுங்கிறதுதான் கொடுமை.

முதல் பொய், வரி. "ஜி.எஸ்.டி. 28லேருந்து 18 ஆயிடுச்சு சார், பத்து பர்சென்ட் குறைஞ்சிடுச்சு"ன்னாங்க. 2025 செப்டம்பர் 22லேருந்து 32 இன்ச்சுக்கு மேல உள்ள டிவிக்கு வரி குறைஞ்சது நிஜம். ஆனா 128 ரூபா 118 ரூபா ஆனா குறையுறது 7.8 சதவீதம், பத்து இல்லை. 40,000 ரூபா டிவி 36,875 ஆகணும், 36,000 இல்லை. 32 இன்ச்சுக்கு 2019 ஜனவரியிலேயே 18தான். அந்த சைஸுக்கும் 'வரி குறைப்பு விலை'ன்னு போர்டு மாட்டியிருந்தாங்க பாருங்க, அதான் உச்சம்.

ரெண்டாவது, 'நோ காஸ்ட்' தவணை. டிவி 36,000. மாசம் 3,000, பன்னெண்டு மாசம். வட்டி இல்லையாம். அப்பா கையெழுத்து போட்டு முடிச்சப்புறம் பக்கத்து கவுண்டர்ல ஒருத்தர் அதே டிவியை ரொக்கமா 33,000க்கு வாங்கிட்டுப் போறார்! இதுல எங்களுக்கு 500 ரூபா பிராசஸிங் கட்டணம் வேற. அப்ப எங்களுக்கு உண்மையில கிடைச்ச கடன் 32,500. திருப்பிக் கட்டுறது 36,000. வித்தியாசம் 3,500, சும்மா பத்து பதினோரு பர்சென்ட்தானேன்னு சித்தப்பா சொன்னார். இல்லை சித்தப்பா. மாசாமாசம் அசல் குறைஞ்சுக்கிட்டே வருதே. பாதி வருஷம் போனா பாதிக் கடன்தான் நம்மகிட்ட இருக்கும். சரியா போட்டா மாசத்துக்கு 1.6 சதவீதம், வருஷத்துக்கு 19 சதவீதத்துக்கு மேல. பூஜ்ய வட்டின்னு ஒண்ணு கிடையவே கிடையாது, வேற பேர்ல ஒளிஞ்சிருக்குன்னு ரிசர்வ் வங்கி 2013லேயே வங்கிகளுக்கு சொல்லிடுச்சு. பேர் மாறிச்சு, ஆள் மாறல.

எங்க அப்பா கூட்டுறவு சங்கத்துல பயிர்க்கடன் வாங்குறவர். தேதிக்குள்ள கட்டினா அதுக்கு வட்டியே கிடையாது. நெல்லு போட வட்டி இல்லாத கடன், சீரியல் பார்க்க 19 சதவீதக் கடன்.

இதை அப்பாகிட்ட சொன்னேன். கோபமா சொன்னேன், தப்புதான். அவர் பதில் சொல்லாம பரண்ல இருக்கிற 14 இன்ச் டிவியைக் காட்டினார். 2006 தேர்தல்ல கலைஞர் அறிவிச்சு வீடு வீடா குடுத்த கலர் டிவி. எங்களுக்கு வந்தப்ப நான் கைக்குழந்தை. அதுக்கப்புறம் வந்த 21 இன்ச்சும் மாமா வீட்டுல கழிச்சுப் போட்டது. "இதுதான்டா நானா கடைக்குப் போய் கைகாட்டி வாங்கினது"ன்னார்.

அதுக்கு என்கிட்ட பதில் இல்லை. அக்காவைப் பொண்ணு பார்க்க வர்றவங்க கண்ணுல அந்தச் சுவர் படும்ங்கிறதும் எனக்குத் தெரியும். ஆனா அந்த ஆசையைத்தானே கடைக்காரன் மோப்பம் பிடிச்சு விலை போடுறான்? என் கோபம் அப்பா மேல இல்லை, கணக்கு தெரியாத மாதிரி சிரிச்சுக்கிட்டே பேப்பரை நீட்டினவன் மேல. அப்புறம், அதைப் படிக்காம கிளியைப் பார்த்துக்கிட்டு நின்ன என் மேல.

கொள்முதல் நிலையத்துல 2025-26 சீசன்ல சாதா ரக நெல்லு குவிண்டால் 2,500. நாப்பது கிலோ சிப்பம் 1,000 ரூபா. டிவி முப்பத்தாறு சிப்பம். அதுல மூன்றரை சிப்பம் வட்டி. இன்னும் பத்து தவணை பாக்கி. போன வாரம் எச்.டி. பெட்டி மாத்தி, மஞ்சள் ஒயரைப் பிடுங்கிட்டு எச்.டி.எம்.ஐ. சொருகினேன். அம்மா இப்ப மூக்கு தெரியுதுங்கிறாங்க.