நத்தத்துக் கொல்லைக்கும் கணக்கு வேண்டும்

பன்றி புகுந்த கொல்லையைப் பார்த்தவர்களுக்கு அது லேசில் மறக்காது. ஆடு கடித்த செடி ஒரு மழைக்குத் துளிர்த்துவிடும். மாடு மேய்ந்த இடத்தில் வேராவது மிஞ்சும். காட்டுப்பன்றி மேய்வதில்லை, மூக்கால் மண்ணை உழுகிறது. கிழங்கையும் மண்புழுவையும் வண்டுப்புழுவையும் மோப்பத்தாலேயே அறிந்து, அடிமண்ணை மேலே புரட்டிப் போட்டுவிட்டுப் போகிறது. சேம்பும் சர்க்கரைவள்ளியும் போய்விடும். வாழையின் பக்கக்கன்று வேரோடு சாய்ந்து கிடக்கும். போன வருடம் நட்ட தென்னங்கன்று குருத்து போய் நிற்கும். துவைகல்லைச் சுற்றிய ஈரமும் பாத்திரம் கழுவும் தண்ணீர் ஓடும் இடமும் சேற்றுக்குழியாகிவிடும். வியர்த்து உடம்பை ஆற்றிக்கொள்ள அந்த உயிருக்கு வழியில்லை. சேற்றில் புரண்டால்தான் அதற்கு ஆறும்.

கொல்லை ஏக்கர் கணக்கில் வருவதில்லை. இரண்டு சென்ட் இருக்கும், மிஞ்சினால் ஐந்து. ஆனாலும் கீரை, கத்தரி, முருங்கை, வாழைக்காய், தலைக்கு வைக்கும் பூ என்று ஒரு வீட்டின் அன்றாடச் செலவில் ஒரு பங்கை அது சுமக்கிறது. பெரும்பாலும் அது வீட்டுப் பெண்களின் உழைப்பு. அதிலிருந்து வரும் பணமும் அவர்கள் யாரையும் கேட்காமல் செலவழிக்கக்கூடிய பணம். காட்டுப்பன்றி பற்றிய பேச்சு எப்போதும் மக்காச்சோளத்தோடும் கரும்போடும் நின்றுவிடுகிறது. அந்தப் பயிர்களின் இழப்பு பெரிது, அதை நாம் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் இந்த இரண்டு சென்ட் எந்த ஏட்டிலும் இல்லை என்பதே நம் முறையீடு.

அரியலூர் மாவட்டத்தில், கொள்ளிடத்தின் வடகரையில் இருக்கிறது திருமழபாடி. பங்குனி மாதத்தில் நந்தியெம்பெருமான் திருக்கல்யாணத்துக்காகத் திருவையாற்றிலிருந்து ஆற்றைக் கடந்து சுவாமி வரும் ஊர். நந்தி கல்யாணம் பார்த்தால் முந்திக் கல்யாணம் என்று நம்பி, பிள்ளைகளின் கல்யாணத்துக்காகப் பெற்றவர்கள் வந்து நிற்கும் ஊர். இதன் பக்கத்தில் மலை இல்லை, பெருங்காடும் இல்லை. பெரம்பலூர்ப் பக்கம் பச்சைமலை அடிவாரத்தில் இருப்பவர்கள் ‘காட்டிலிருந்து இறங்குகிறது’ என்று சொல்லலாம். கொள்ளிடக்கரையில் அப்படிச் சொல்ல முடியாது. இங்கே பன்றி இருப்பது ஆற்றுப் படுகையில். நாணலும் கோரையும் சீமைக்கருவேலமும் மண்டிய திட்டுகள் அதற்கு மறைவிடம், ஆற்றுப் பள்ளங்களில் நிற்பது தண்ணீர், கரையோரத்து வாழையும் கரும்பும் தீனி. மாவட்டத்தின் உட்பகுதியில் சுண்ணாம்புக்கல் வெட்டி முடித்துக் கைவிட்ட பள்ளங்களிலும் இதே முள்காடுதான் வளர்ந்து நிற்கிறது.

புலியும் சிறுத்தையும் உள்ள காட்டில் பன்றியின் பெருக்கத்துக்கு ஓர் அளவு உண்டு. கொள்ளிடக்கரையில் அதைப் பிடிக்க எதுவும் இல்லை. நரி குட்டியைத் தூக்கினால் உண்டு. பன்றிக்குச் சினைக்காலம் நான்கு மாதத்துக்கும் குறைவு. ஓர் ஈற்றுக்கு நான்கு முதல் ஆறு குட்டிகள் சாதாரணம். ஒரு வருடம் கவனிக்காமல் விட்டால் அடுத்த வருடம் என்ன ஆகும் என்று யாரும் கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

இங்கேதான் நம் முதல் வாதம். படுகை அரசு நிலம். அந்த முள்காட்டை வளரவிட்டது அரசு. பன்றியைச் சட்டத்தால் காப்பதும் அரசுதான். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி அதைக் கண்டபடி கொல்லக் கூடாது. மூன்றும் அரசின் கையில் இருக்கும்போது, இரவில் தகரத்தைத் தட்டிக்கொண்டு விழித்திருக்கும் வேலை மட்டும் ஏன் வீட்டுக்காரர் தலையில் விழ வேண்டும்? ஒருவர் மாடு இன்னொருவர் கொல்லையை மேய்ந்தால் ஊர் என்ன தீர்ப்புச் சொல்லும் என்று நமக்குத் தெரியும்.

அரசு ஒன்றும் செய்யவில்லை என்று சொல்ல மாட்டோம். 2025 ஜனவரி 10 அன்று அப்போதைய வனத்துறை அமைச்சர் பொன்முடி சட்டப்பேரவையில் ஒரு முறையை அறிவித்தார். காப்புக்காட்டின் எல்லையிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் வரும் பன்றியைத் தொடக் கூடாது. ஒன்றிலிருந்து மூன்று கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டில் விட வேண்டும். மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் வந்தால் பயிற்சி பெற்ற வனத்துறையினர் சுடலாம். நல்ல முறை. காட்டுக்குள் இருக்கும் பன்றி புலிக்கும் சிறுத்தைக்கும் இரை, அங்கே அது வேண்டும். காடே இல்லாத இடத்தில் பெருகிய கூட்டத்துக்கு அந்த நியாயம் பொருந்தாது. இந்த வேறுபாட்டை அந்த அறிவிப்பே ஒப்புக்கொண்டிருக்கிறது. கொள்ளிடக்கரை ஊர்களுக்கு இதைவிடத் தெளிவான அனுமதி தேவையில்லை.

ஆனால் அந்த அனுமதி ஊருக்குள் வந்து சேரும் வழியில் ஒரு பள்ளம் இருக்கிறது. பன்றியால் சேதம் என்று முறையீடு வந்தால் அதைப் பார்த்துப் பரிந்துரைக்க வேண்டியது ஊர்மட்டக் குழு: கிராம நிர்வாக அலுவலர், வனத்துறை ஊழியர், ஊராட்சித் தலைவர். 2019 டிசம்பரில் தேர்தல் நடந்த மாவட்டங்களில் ஊராட்சித் தலைவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5 அன்று முடிந்தது. அரியலூரும் பெரம்பலூரும் அந்தப் பட்டியலில்தான் வருகின்றன. அறிவிப்பு வந்தது ஐந்து நாள் கழித்து. அதாவது, குழுவில் ஊருக்காகப் பேச வேண்டிய ஒரே நாற்காலி, குழு பிறக்கும்போதே காலி. தலைவர் இல்லாத ஊராட்சியைக் கவனிக்கும் தனி அலுவலர் பல ஊராட்சிகளைச் சேர்த்துப் பார்ப்பவர். ஒரு வீட்டுக் கொல்லையில் பன்றி புகுந்ததைப் பார்க்க அவர் விடியற்காலையில் வந்து நிற்பார் என்று எதிர்பார்ப்பது அவருக்கும் நியாயமில்லை. அந்த நாற்காலி காலியாக இருக்கும் ஊர்களில் சுய உதவிக் குழுவிலிருந்தோ உழவர் குழுவிலிருந்தோ ஒருவரை உட்காரவைக்க ஆட்சியருக்கு அதிகாரம் கொடுத்தால் போதும். பெண் ஒருவர் இருந்தால் இன்னும் நல்லது, கொல்லையின் கணக்கு அவருக்குத் தெரியும்.

அடுத்தது நத்தம். நம் ஊர்களில் வீடும் அதை ஒட்டிய கொல்லையும் பெரும்பாலும் கிராம நத்தத்தில் இருக்கின்றன. பயிர் இழப்புக்கு உதவி கேட்டால் முதலில் கேட்கப்படுவது அடங்கல். நத்தத்துக்கு அடங்கலில் பயிர்ப் பதிவு கிடையாது. பதிவு இல்லாததால் பயிர் இல்லை, பயிர் இல்லாததால் இழப்பும் இல்லை. பிரதமரின் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில் வனவிலங்குச் சேதத்தையும் சேர்ப்பதாக 2025 நவம்பரில் ஒன்றிய அரசு அறிவித்தது. 2026 கரீப் பருவத்திலிருந்து நடைமுறை. சேதம் நடந்த 72 மணி நேரத்துக்குள் செயலியில் படத்தோடு பதிய வேண்டும். உழவர்கள் பல காலமாகக் கேட்டது இது, வரவேற்கிறோம். எந்த மாவட்டம், எந்த விலங்கு என்று மாநில அரசுதான் பட்டியல் தர வேண்டும். அதில் அரியலூரும் பெரம்பலூரும் காட்டுப்பன்றியும் இருக்க வேண்டும். ஆனாலும் அது அறிவிக்கை செய்யப்பட்ட பயிருக்கான காப்பீடு. கொல்லையில் பத்து வாழை, நாலு தென்னங்கன்று, ஒரு பாத்தி கீரை வைத்திருப்பவருக்கு அதில் இடமில்லை.

ஊர்ப்பன்றியா காட்டுப்பன்றியா என்ற கேள்வி வேறு. ஊர்ப்பன்றி என்றால் ஊராட்சி பார்க்க வேண்டும், காட்டுப்பன்றி என்றால் வனத்துறை. பட்டியிலிருந்து விலகி ஆற்றோரம் திரியும் பன்றியும் காட்டுப்பன்றியும் கலந்துபோன இடங்களில் இரண்டு அலுவலகமும் ஒன்றை ஒன்று கைகாட்டலாம். இருட்டில் வந்துபோனதன் சாதியை முறையீடு கொடுப்பவர் நிரூபிக்க வேண்டும் என்பது கொடுமை. முறையீட்டை வாங்குகிற இடம் ஒன்றாக இருக்கட்டும். எது யார் வேலை என்பதை அதற்குப் பிறகு அவர்களே பிரித்துக்கொள்ளட்டும்.

கேட்பார் இல்லாதபோது மனிதர்கள் என்ன செய்வார்கள் என்பதை நாம் பார்த்துவிட்டோம். 2023 மார்ச்சில் தருமபுரி மாவட்டம் மாரண்டஅள்ளி அருகே, பன்றிக்காக நிலத்தில் போட்ட திருட்டு மின்வேலியில் மூன்று யானைகள் செத்து விழுந்தன. இரண்டு குட்டிகள் தாயில்லாமல் நின்றன. 2020 மே மாதம் கேரளத்தில் சினையானை ஒன்றின் வாயைக் கிழித்ததும் பன்றிக்கு வைத்த வெடிதான். நம் பக்கத்தில் அதை அவுட்டுக்காய் என்கிறார்கள். ஆடு கடிக்கிறது, நாய் கடிக்கிறது, பழம் என்று நினைத்துக் குழந்தை எடுத்தால் என்ன ஆகும் என்று எழுதவே கை கூசுகிறது. மின்கம்பத்திலிருந்து நேராக இழுத்த கம்பியை இரவில் மிதித்து, மோட்டார் போடப் போன சொந்தக்காரரே இறந்த செய்திகள் தமிழ்நாட்டில் வந்துகொண்டே இருக்கின்றன.

இது புதிய துயரமும் இல்லை. பத்துப்பாட்டில் ஒன்றான மலைபடுகடாம், பன்றிக்கு அஞ்சிப் புனத்துக்காரர்கள் வழியோரம் வைத்த கல்பொறிகளைச் சொல்லி, இரவில் நடக்க வேண்டாம், தங்கியிருந்து விடிந்தபின் போங்கள் என்று வழிப்போக்கரை எச்சரிக்கிறது. பன்றிக்கு வைத்த பொறியில் மனிதன் மாட்டுவான் என்ற கவலை அந்தப் புலவருக்கு இருந்தது. அந்தக் கவலை நம் நிர்வாகத்துக்கும் இருக்க வேண்டும். திருட்டு மின்வேலி போட்டவரைக் கைது செய்வது சரி, அதில் நமக்கு இரண்டு கருத்து இல்லை. ஆனால் அவர் அந்தக் கம்பியை இழுப்பதற்கு முன் எத்தனை முறை எந்த வாசலில் நின்றார் என்றும் கேட்க வேண்டும்.

பன்றியைத் தீங்குயிராக அறிவித்து யாரும் கொல்லலாம் என்று விட்டுவிடச் சொல்வோரும் இருக்கிறார்கள். 2015-இல் பீகாருக்கும் 2016-இல் உத்தராகண்டுக்கும் ஒன்றிய அரசு குறிப்பிட்ட இடங்களுக்கு, குறிப்பிட்ட காலத்துக்கு அப்படி அறிவித்தது. கேரளம் பலமுறை கேட்டும் கிடைக்கவில்லை. நாம் அதைக் கேட்கவில்லை. அப்படி அறிவித்தால் சுருக்குக் கம்பியும் விஷமும் அவுட்டுக்காயும் தெருவுக்கு வந்துவிடும். அவை பன்றியைப் பார்த்துக் கொல்வதில்லை. கரைவெட்டி ஏரி அரியலூர் மாவட்டத்தில்தான் இருக்கிறது. தொலைதூரத்துப் பறவைகள் வந்து தங்கும் அந்த ஏரிக்கு 2024-இல் ராம்சர் தகுதி கிடைத்தது. அப்படிப்பட்ட மண்ணில் விஷம் வைக்கும் பழக்கத்தை ஊக்குவிக்க நமக்கு மனமில்லை. கேரளம் 2022-இல் வேறு வழி எடுத்தது. சுட உத்தரவிடும் அதிகாரத்தை உள்ளாட்சித் தலைவர்களிடம் கொடுத்தது. உரிமம் பெற்ற துப்பாக்கிக்காரர் கிடைத்த இடங்களில் வேலை நடந்தது, கிடைக்காத இடங்களில் உத்தரவு தாளிலேயே நின்றது. அதிகாரத்தைக் கொடுத்தால் ஆளையும் கருவியையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும் என்பது நமக்கு அதிலிருந்து கிடைக்கும் பாடம். அரியலூருக்கு ஒரு தனிக்குழு, பெரம்பலூருக்கு ஒன்று. எந்த ஊருக்கு எந்த இரவு வருவார்கள் என்று தண்டோரா போட்டுச் சொல்லிவிட்டு வரட்டும்.

சுடுவது மட்டும் போதாது. பத்தைச் சுட்டால் அடுத்த வருடம் அதே முள்காட்டிலிருந்து இருபது வரும். ஊரை ஒட்டிய படுகையில் சீமைக்கருவேலத்தை வேரோடு எடுக்க வேண்டும். வெட்டிவிட்டால் மறுபடியும் தழைத்து, முன்பைவிட அடர்த்தியான மறைவாகிவிடும். அயல் தாவரங்களை அகற்ற 2022-இல் மாநில அரசு ஒரு கொள்கையே வகுத்திருக்கிறது. காட்டுக்குள் நடக்கும் அந்த வேலை ஊரோரத்து ஆற்றுக்கும் வரட்டும். நாணல் ஆற்றின் கரையைப் பிடித்து வைத்திருப்பது, அதைத் தொட வேண்டாம்.

ஊராரிடம் சொல்ல வேண்டியதும் ஒன்று உண்டு. கோழிக்கடைக் கழிவையும் கல்யாண மண்டபத்து எச்சில் இலையையும் ஆற்றோரம் கொட்டுகிறோம். பன்றிக்கு நாமே இலை போட்டுக் கூப்பிடுவது அது. கழிவைக் குழியில் மூடினால் வருகை முழுக்க நிற்காது, ஆனால் குறையும். பழைய சேலை கட்டுவதும், முடித்திருத்தகத்திலிருந்து முடி வாங்கிவந்து தூவுவதும் சில நாளைக்குத்தான், பிறகு பன்றிக்குப் பழகிவிடும். குருணை மருந்தைப் பொட்டலம் கட்டித் தொங்கவிடும் பழக்கத்தை இன்றோடு விட வேண்டும். போரேட் நாட்டில் தடை செய்யப்பட்ட நஞ்சு, கிணற்றுக்கும் கோழிக்கும் அது எமன். கொல்லைக்கு உண்மையில் உதவுவது அடிப்பகுதி கெட்டியான வேலி. பன்றி தாண்டுவதைவிட நுழைவதையே நாடும். கம்பி வலையை ஒரு முழம் மண்ணுக்குள் இறக்கி, இடுப்பளவு உயரம் வைத்து, வெளிப்பக்கம் கிளுவையோ கள்ளியோ நட்டால் பல வருடம் தாங்கும். செலவு அதிகம், கூலி வேலைக்குப் போகும் வீட்டால் முடியாது. நிலத்துக்குச் சூரியசக்தி வேலி போட மானியம் தரும் அரசு, கொல்லைக்குக் கம்பி வலை தர ஏன் தயங்க வேண்டும்? ஒரு தெருவின் கொல்லைகளை ஒன்றாகச் சேர்த்து ஒரே வேலி போட்டால் செலவு குறையும்.

நாம் கேட்பதில் பெரும்பகுதிக்குப் புதுச் சட்டம் எதுவும் வேண்டியதில்லை. கிராம நிர்வாக அலுவலர் அலுவலகத்தில் ஒரு பதிவேடு திறக்கப்பட வேண்டும். எந்தத் தெரு, எந்த வீடு, எந்த இரவு, என்ன போனது என்று நத்தத்துக் கொல்லையின் இழப்பும் அதில் ஏற வேண்டும். வாழைக்கு இவ்வளவு, தென்னங்கன்றுக்கு இவ்வளவு என்று தோட்டக்கலைத் துறை ஒரு விலைப் பட்டியல் தரட்டும். வனத்துறையின் இழப்பீடு அதன்படி கிடைக்கட்டும். அரியலூர், பெரம்பலூர் ஆட்சியர்கள் அடுத்த கிராமசபைக்கு இதை ஒரு பொருளாக வைக்க வேண்டும். திருமழபாடியிலும் கொள்ளிடக்கரையின் மற்ற ஊர்களிலும் வனச்சரகர் அந்தக் கூட்டத்தில் உட்கார்ந்து, கொல்லையை இழந்தவர்கள் சொல்வதைத் தன் கையால் அந்தப் பதிவேட்டில் எழுத வேண்டும்.